சுவருக்குள் குளத்து மண்

பெண்கள் விடுதி,
திருச்செங்கோடு ரோடு.
4-9-1985

அண்ணாவுக்கு,

பொங்கலுக்கு மறுநாள் திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் வைத்து, "மாமன் சோறுதான் பெருசுன்னா இங்கயே கெட" என்று சொல்லிவிட்டுப் பம்பாய்க்குப் போனீர்கள். கிடக்கிறேன். உங்களுக்கு எழுதவே கூடாது என்றுதான் இத்தனை மாதம் இருந்தேன். இப்போதும் சமாதானத்துக்காக எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் வரைந்து, கடைக்கால் போட்டு, மாமாவோடு சண்டை போட்டு விட்டுவிட்டுப் போன கல்லூரி ஜூலையில் திறந்துவிட்டது. மாமா சேர்மன். நான் விடுதி வார்டன். ஜேடர்பாளையம், மோகனூர், பரமத்தி என்று சுற்றுவட்டத்திலிருந்து வந்த பெண்கள் இங்கே தங்கிப் படிக்கிறார்கள். முக்கால்வாசிப் பேரின் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் இவள்தான். லேசாகக் காய்ச்சல் என்றாலே அப்பன்காரன் வந்து கேட்டில் நிற்கிறான், "படிச்ச வரைக்கும் போதும், பெட்டியைக் கட்டு" என்று. அந்த மாதிரிப் பெண்கள்.

கட்டடம் நீங்கள் சொன்ன மாதிரியே குளுமையாகத்தான் இருந்தது. மேற்குக் காற்று செங்கல் ஓட்டை ஜன்னல் வழியாக வந்து அடுத்த பக்கம் போகிறது. ஃபேன் இல்லாமல் தூங்கினோம். பொய் சொல்லக்கூடாது, உங்களை நினைத்துக்கொண்டேன்.

இப்போது என் அறையின் சுவர் அலமாரி சாத்த மாட்டேன் என்கிறது. ஜூலையில் ஒரு விரலால் தள்ளினால் போதும். ஆகஸ்டில் மழை பெய்த பிறகு தோள் கொடுத்து இடித்தேன். இப்போது இடித்தாலும் சாத்தவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நடந்து பார்த்தேன். நடுவில் கை தானாக வெளியே வருகிறது. ஆறு மாத வயிறு மாதிரி இருக்கிறது அண்ணா. பெண்கள் படுக்கும் கூடத்திலும் இதே கதை.

இதற்கு மேலே மாடி எழுப்புகிறார்கள். அடுத்த வருடம் இன்னும் நிறையப் பெண்களைச் சேர்க்க வேண்டுமாம். மழை சுவரில் படக்கூடாது என்று கூரையை மூன்றடி வெளியே நீட்டியிருந்தீர்களே, சாரம் கட்ட இடைஞ்சல் என்று அதை உடைத்துவிட்டார்கள். பெய்கிற மழை நேராகச் சுவரில் அடிக்கிறது.

இது என்ன என்று எனக்கு எழுதுங்கள். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சௌந்திரம்


செம்பூர், பம்பாய்.
11-9-1985

சௌந்திரத்துக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தில் ஒன்றும் ஏறவில்லை. கூரையை உடைத்தார்களா? மரத்தை வெட்டினவர்கள் கூரையை உடைக்க யோசிக்கவா போகிறார்கள். அந்த மேற்கு வரிசை வேப்பமரங்களுக்காகத்தான் நான் வெளியே போனேன். மரத்தின் நிழல் எங்கே விழும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டடத்தை வைத்தேன். மந்திரி கார் திரும்ப இடம் வேண்டும் என்று ஒரே நாளில் வெட்டிப்போட்டார் உன் மாமா.

சுவருக்கு வருகிறேன். அது வீங்காது. செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டச் சொன்னேன். வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை, நடுவே வெற்றிடம். வெயில் அந்தக் காற்றைத் தாண்டி வராது. செங்கல் கால்வாசி மிச்சம், அதைச் சுடுகிற விறகும் மிச்சம். ஒரு மாடி தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வரைந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லாத சுவர் எப்படி வீங்கும்? வீங்குவதற்கு உள்ளே ஏதாவது வேண்டாமா?

கொத்தனார் பூச்சைக் கனமாகப் பூசியிருப்பார். ஒரு நூலில் பூட்டைக் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடு. நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் பார். பிறகு சுவரைத் தட்டிப் பார். வெறும் பானையைத் தட்டின மாதிரி சத்தம் வர வேண்டும்.

இங்கே நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்கவில்லை. முழுக்கக் கண்ணாடியில் ஒரு ஆபீஸ் கட்டுகிறோம். வெயிலை உள்ளே விட்டுவிட்டு, அதை வெளியே துரத்த மெஷின் வைக்கிறோம். இதற்கு நல்ல சம்பளம்.

பயப்படாதே. அது நான் போட்ட சுவர்.

மருதாசலம்


விடுதி,
20-9-1985

அண்ணாவுக்கு,

தட்டிப் பார்த்தேன். பானைச் சத்தம் இல்லை. வயலில் தட்டின மாதிரி இருக்கிறது. நூலும் கட்டினேன். மேலேயும் கீழேயும் நூலுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் போகிறது. நடுவில் சுவர் நூலைத் தொட்டு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது.

அது நீங்கள் போட்ட சுவர் இல்லை. நீங்கள் வரைந்த சுவர். போட்டவர் கருப்பண்ணன். மேலே மாடிக்கும் அவர்தான் கொத்தனார், அவர் வீட்டுக்காரி செல்லாயி சித்தாள். சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்தேன். நீங்கள் சண்டை போட்டதில் மிஞ்சின ஒரே மரம் அது.

"ஏனுங்க, இந்தச் சுவத்துக்குள்ள என்ன இருக்குது?"

அவர் சோற்றுக் கையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன் படத்துல என்ன போட்டிருந்துதுங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லைன்னு போட்டிருந்துது."

"அந்த ஒண்ணுமில்லைக்குள்ள மண்ணு இருக்குதுங்க."

செல்லாயி அவர் தொடையில் ஒரு அடி வைத்தாள். "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்ட?" அப்புறம் என்னிடம், "அவரு பேரைச் சொல்லிப்போடாதீங்க அம்மிணி, நாளைக்கே சாரத்தை உட்டு எறக்கிப்போடுவாங்க" என்றாள்.

நடந்தது இதுதான். சுவர் இடுப்பு உயரம் வந்தபோது மாமா தன் சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு காட்டியிருக்கிறார். அதில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் சுவரை எட்டிப் பார்த்து, "அர்த்தநாரி, காலேஜ் கட்றயா, கோழிக்கூண்டு கட்றயா? கூண்டுன்னா சொல்லு, குஞ்சு நான் தாரேன்" என்றிருக்கிறார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். நாற்பது போர்வெல் ரிக் வண்டி ஓட்டுகிற மனுஷன், ஊர் ஊராகப் பாறையைத் துளைத்துச் சம்பாதித்தவர், தன் சுவர் பொக்கை என்று நாலு பேர் சிரித்ததைத் தாங்கவில்லை. அவர்கள் கார் கேட்டைத் தாண்டுவதற்குள், "கெட்டியா ரொப்புங்கடா" என்று சொல்லிவிட்டார்.

எதை வைத்து ரொப்பினார்கள் தெரியுமா? மழைத் தண்ணீரைச் சேர்த்து வைக்க நீங்கள் வெட்டச் சொன்ன குளம். அதில் தோண்டிப் போட்ட கறுப்பு மண் குவியலாகக் கிடந்திருக்கிறது. வரிசைக்கு வரிசை அதை அள்ளிப் போட்டு இடித்திருக்கிறார்கள். விடுதியும் வகுப்புக் கட்டடமும் ஒரே மண்தானாம். வகுப்புக் கட்டடத்துக்கு இன்னும் கூரை நீட்டம் இருப்பதால் அந்தச் சுவர் நனையவில்லை.

இப்போது சொல்லுங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் வீங்குமா?

சௌந்திரம்


செம்பூர்,
28-9-1985

அம்மிணி,

வீங்கும்.

அது கரிசல் களிமண். கோடையில் அந்தக் குளத்தங்கரையில் கால் போகிற வெடிப்பு விட்டிருக்கும், மழைக்கு மூடிக்கொள்ளும். நீயே பார்த்திருப்பாய். தண்ணீர் பட்டால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். இரண்டு பக்கமும் மூன்றங்குலச் செங்கல் தோல், நடுவே பருக்கிற மண். தோலை வெளியே தள்ளும். நேராக நின்றால்தான் செங்கல் மேல் பாரத்தைத் தாங்கும். வளைந்தபின் தாங்காது. ஒரேயடியாக விழும். சொல்லிவிட்டு விழாது.

இதை எழுத மூன்று நாள் ஆகிவிட்டது. குளமும் நான் சொன்னது, வெற்றிடமும் நான் சொன்னது. மண்ணைத் தோண்டிப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் பெண்களை வெளியேற்ற வேண்டும். மாடி வேலையை நிறுத்த வேண்டும். மாமாவிடம் பேசு. நான் எழுதினால் கிழித்துப்போடுவார். சேலத்துக்கு, மேலதிகாரிகளுக்கு நான் எழுதுகிறேன். வரைபடத்தில் இருப்பது என் கையெழுத்து. விசாரணை என்று வந்தால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். இங்கே ஒரு வக்கீலைக் கேட்டேன், "கையெழுத்துப் போட்டவன்தான் உள்ளே போவான், பேசாமல் இரு" என்றார். இருந்தாலும் எழுதுகிறேன்.

நீ மட்டுமாவது வீட்டுக்குப் போய்விடேன் என்று எழுதி அடித்துவிட்டேன். நீ போக மாட்டாய்.

மருதாசலம்


விடுதி,
7-10-1985

அண்ணாவுக்கு,

அடித்தது நன்றாகவே தெரிகிறது. இன்னும் கெட்டியாக அடித்திருக்கலாம்.

நீங்கள் எழுதினதற்கு ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். மாமா வீட்டில் நாட்டுக்கோழி. மூன்று மணிக்கு வெற்றிலை போட்டுக்கொண்டே விடுதியைச் சுற்றி வந்தார். "ரொம்பக் குளுமையா இருக்கே" என்றார். சுவரைத் தொடக்கூட இல்லை. போய்விட்டார். ஜீப் போன பிறகு மாமா விடுதி வராந்தாவில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மிணி, உங்கண்ணன் பம்பாயில உக்காந்துக்கிட்டு என்ற மேல பெட்டிசன் போடறான். உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க மாமா. சுவரு தள்ளுதுங்க. நீங்களே வந்து நூலைப் பாருங்க."

"எதுக்கு நூலு?" எழுந்து வந்து சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டார். எனக்கு உயிர் போய் வந்தது. "கேளு சத்தத்தை. கல்லு! அவன் சொன்னபடி கட்டியிருந்தா இந்நேரம் எலி குடியிருந்திருக்கும். அவனைப் படிக்க வெச்சவன் நானு. எனக்கு அவன் சுவத்தைப் பத்திச் சொல்றானா?"

"புள்ளைங்க படுத்திருக்கறாங்க மாமா."

"புள்ளைங்ககிட்ட இதைப் பத்தி மூச்சு உட்டீன்னா பெட்டியைத் தூக்கிக்க. வார்டன் வேலைக்கு வாசல்ல ஆளு நிக்குது."

நான் வாயைத் திறந்தால் வெளியே போவேன். எனக்குப் பதில் வருகிறவள் வாயை மூடிக்கொண்டு இருப்பாள். பெண்கள் அங்கேயேதான் படுத்திருப்பார்கள். நேற்று மழை. கூடத்துச் சுவரில் ஆணிக்குப் பக்கத்தில் பூச்சு விரிந்திருக்கிறது. ஒரு பெண் அதில் ஹேர்பின் செருகி வைத்திருக்கிறாள். உள்ளே போகிறதாம், வசதியாக இருக்கிறதாம்.

கட்டில்களை எல்லாம் சுவரைவிட்டு நடுக்கூடத்துக்கு இழுத்துப் போடச் சொன்னேன். "ஏனுங்கக்கா?" என்றார்கள். மூட்டைப்பூச்சி என்றேன். அவர்கள் தலைக்கு மேலே மாடியில் செங்கல் இறக்குகிற சத்தம் கேட்கிறபோதெல்லாம் நான் கூரையைப் பார்க்கிறேன். என்னைப் பார்த்து அவர்களும் பார்க்கிறார்கள்.

சொன்னால் கேட்காத மனுஷனுக்கு வேறு ஒன்று இருக்கிறது. மாமா யாருக்குப் பயப்படுவார் என்று யோசித்துப் பார்த்தேன். அதிகாரிக்கு இல்லை, மந்திரிக்கு இல்லை. ஜேடர்பாளையத்துப் பெண் பாவாயிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. நான் ஒன்று செய்யப் போகிறேன். உங்களுக்குப் பிடிக்காது. பிறகு திட்டிக்கொள்ளுங்கள்.

சௌந்திரம்


விடுதி,
13-10-1985

அண்ணாவுக்கு,

விடுதி காலி.

புதன்கிழமை காலையில் நம் வேப்பமரத்தில் கொத்துக் கொத்தாக ஒடித்து வாசல் முழுக்கச் செருகினேன். அம்மா போட்டிருக்கிறது என்று சொன்னேன். அவ்வளவுதான். ஒரு நூலோ ஒரு அதிகாரியோ செய்யாததை வேப்பிலை செய்தது.

பாவாயியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "எனக்கு நடிக்க வராதுங்கக்கா" என்றாள். "படுத்துக் கெட, போதும்" என்றேன். அவள் முனகின முனகலில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பேர் தங்களுக்கும் போட்டிருக்கிறது என்று வந்து நின்றார்கள். கொசுக்கடி.

டாக்டரைக் கூப்பிடலாமா என்று கணக்கு டீச்சர் கேட்டார். மாமாவின் வீட்டுக்காரி கத்திவிட்டாள், "அம்மா போட்ட ஊட்டுக்கு டாக்டரா? ஊசி போட்டு அவ கோவத்தைத் தேடிக்கவா?" டாக்டர் வந்திருந்தால் நான் அன்றைக்கே தொலைந்தேன்.

மாமா வந்தார். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றினார். ஈர மண்ணில் நின்று, தோள் துண்டை இடுப்பில் கட்டி, "தாயே, எங்கூட்டுப் புள்ளைங்களைக் காப்பாத்து" என்று கும்பிட்டார். அண்ணா, அவர் கண் கலங்கியிருந்தது. அந்தச் சுவரைக் குத்தின அதே கை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. இவ்வளவு சுலபமா என்று.

அப்பன்மார் வந்து கூட்டிப்போனார்கள். இதில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்று தெரியவில்லை. பாவாயியின் அப்பா அவள் டிரங்குப் பெட்டியோடு பாயையும் சுருட்டிக்கொண்டார். "பாய் இருக்கட்டுங்க, தீவாளி கழிச்சு வந்துருவா" என்றேன். "பாக்கலாமுங்க" என்றார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "மாப்ளை ஒண்ணு வந்திருக்குதுங்க" என்றார். பாவாயி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத மாட்டேன்.

நான் சமையல் கொட்டகைக்கு மாறிவிட்டேன். அது தகரம், விழுந்தாலும் சாகமாட்டேன். அம்மா போட்ட வீட்டில் விளக்கு அணையக்கூடாது என்று ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும் உள்ளே ஓடி எண்ணெய் ஊற்றிவிட்டு ஓடி வருகிறேன். வீடு காலியாக இருக்கும்போதே மாடியை முடித்துவிட வேண்டும் என்று மாமா வேலையை முடுக்கியிருக்கிறார். கொத்தனார்கள் தலைத்துண்டில் வேப்பிலை செருகிக்கொண்டு சாரத்தில் ஏறுகிறார்கள். கட்டட்டும். கீழே யாருமில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.

சௌந்திரம்


செம்பூர்,
19-10-1985

அம்மிணி,

திட்டவில்லை. எனக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியது. கடிதத்தைப் படித்து முடித்ததும் வெளியே போய் ஒரு டீ குடித்தேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

டீ பாதியில் நின்றுவிட்டது. கீழே யாருமில்லை என்று எழுதியிருக்கிறாய். மேலே யார் நிற்கிறார்கள்? சுவர் போனால் மாடியோடு போகும், சாரத்தோடு போகும். அவர்களை இறக்கு. என்ன சொல்லியாவது இறக்கு. கருப்பண்ணனிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. மண் போட்டவருக்குச் சொன்னால் புரியும்.

இதைத் தந்தியில் சொல்லலாம் என்று போனேன். கல்லூரிக்கு வருகிற தந்தி மாமா கைக்குத்தான் போகும் என்று திரும்பிவிட்டேன். திரும்பினது சரியா தெரியவில்லை.

மருதாசலம்


சமையல் கொட்டகை,
24-10-1985

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று வந்தது. மேலே யார் நிற்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். கருப்பண்ணன் நின்றிருந்தார். முந்தாநாள்.

மூன்று நாள் விடாத மழை. முந்தாநாள் காலையில் வெறித்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் வடக்குச் சுவர் இருந்த இடத்தில் வானம் தெரிகிறது. என் அறை இல்லை. கூடத்தில் பாதி இல்லை. நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்ட கட்டில்கள் மேலே மாடிச்சுவர் கிடந்தது. மூட்டைப்பூச்சி என்று சொல்லி இழுத்துப் போட்டேனே, அங்கேயும் தப்பியிருக்க மாட்டார்கள்.

மற்றவர்கள் தெற்குப் பக்கம் நின்றதால் குதித்துவிட்டார்கள். ஒரு சித்தாளுக்குக் கை முறிந்தது. கருப்பண்ணனை எடுக்க வெகுநேரம் ஆனது. அவர் மேல் கறுப்பு மண் ஈரமாக அப்பியிருந்தது. பார்த்தால் குளத்தில் முங்கினவர் போல.

உங்களுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. காலி என்று எழுதினேன். மேலே ஆள் நடமாடுவதைப் பார்த்துக்கொண்டே அந்த வார்த்தையை எழுதினேன். பெண்களுக்கு அப்பன் இருக்கிறான், ஊர் இருக்கிறது, கூட்டிப்போக ஆள் வருகிறது. சாரத்தில் நிற்கிறவர்களைக் கூட்டிப்போக யார் வருவார்கள்? அவர்களை ஆள் கணக்கில் வைக்காமல் இருக்க நானும் மாமாவிடம்தான் கற்றிருக்கிறேன்.

இனிமேல்தான் இருக்கிறது கேளுங்கள். மாமா வந்தார். கூட்டம் கூடியிருந்தது. எல்லார் எதிரிலும் தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்து, "அத்தனை பொண்ணுங்களையும் முன்கூட்டியே ஊட்டுக்கு அனுப்பிப்போட்டு, ஒரே ஒரு உசுரை எடுத்துக்கிட்டா பாருங்க. அவளுக்கு இந்த எடம் வேணுமுன்னு இருக்குது. குடுத்துட்டேன் தாயே" என்றார். கூட்டத்தில் நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அங்கே மாரியம்மனுக்குக் கோயில் கட்டப் போகிறார். அந்தச் செங்கல்லை வைத்தே.

யாரோ, "அவனை மட்டும் ஏன் எடுத்தா?" என்று கேட்டார்கள். "அம்மா இருக்கற ஊட்டு மேல சுத்தபத்தமில்லாம ஏறியிருப்பான்" என்றார் மாமா. கோபமில்லாமல், வருத்தப்பட்டுக்கொண்டுதான் சொன்னார்.

செல்லாயி என் பக்கம் நகர்ந்து வந்து மெதுவாகக் கேட்டாள். "முந்துன நாளு கருவாட்டுக் கொழம்பு ஊத்துனேனுங்க அம்மிணி. வேண்டாம்னாரு, நாந்தான் ஊத்துனேன். அதுனாலதானுங்களா?"

நான் வாயைத் திறக்கவில்லை அண்ணா. அவ்வளவு பேர் நின்றார்கள். அம்மை போடவில்லை, நான் சொன்னது பொய் என்று அந்த இடத்தில் சொன்னால் என்னை உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள். அது ஒரு பயம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டுமே, அது இன்னொரு பயம்.

தீபாவளி கழித்து, நவம்பர் பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது. விடுதி போய்விட்டதால் வகுப்புக் கட்டடத்துக்கு மேலே மாடி எழுப்பிப் பெண்களைத் தங்கவைக்கப் போகிறார். அன்றைக்கே கூரை நீட்டத்தை உடைக்க ஆள் வருகிறது. கீழே வகுப்பு நடக்கும். அங்கேயும் அதே மண். "அம்மன் கேட்டதைக் குடுத்தாச்சு, இனி ஒண்ணும் ஆகாது" என்கிறார். எல்லாரும் நம்புகிறார்கள். நம்பும்படி செய்தவள் நான்.

வகுப்பறைக்கு அம்மை போட முடியாது. இனி எதைக் கொண்டுபோய்ச் செருகுவேன்?

சௌந்திரம்


செம்பூர்,
31-10-1985

அம்மிணி,

வருகிறேன். லீவு கேட்டேன், கொடுக்கவில்லை. கொடுக்காததே நல்லது, திரும்பி வர வேண்டியதில்லை.

பதினைந்தாம் தேதி இங்கே ரயில் ஏறுகிறேன். சேலம் ஜங்ஷனில் இறங்கி, சூரமங்கலத்தில் வேலுசாமி ரூமில் தங்குகிறேன். என்னோடு படித்த அந்த ரயில்வே வேலுசாமிதான். பதினெட்டாம் தேதி காலையில், பெண்களைக் கொண்டுவிட வருகிற அப்பன்மார் நிற்கும்போதே வகுப்புக் கட்டடத்துக்கு வருவேன். இடுப்பு உயரத்தில் ஒரு செங்கல்லைப் பெயர்க்கப் போகிறேன். உள்ளே இருக்கிற மண் தானே வெளியே வரட்டும். ஒரு வாளித் தண்ணீரில் அதைக் கரைத்து, அது எப்படிப் பருக்கிறது என்று காட்டுவேன். அவர்கள் விவசாயிகள். கரிசலைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அது சுவருக்குள் இருக்கிறது என்று காட்டினால் போதும்.

அடி விழும். போலீஸ் வரும். வரைபடத்தில் யார் கையெழுத்து என்று கேட்பார்கள். என்னுடையது என்பேன். கையெழுத்தைக் காப்பாற்றிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்ததற்கு என்ன கிடைத்தது என்று பார்த்துவிட்டேன். இதையெல்லாம் தைரியமாக எழுதுகிறேனே தவிர, ராத்திரிச் சோறு இறங்கவில்லை. உண்மை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் மண்ணைக் காட்டுவேன், மாமா அம்மனைக் காட்டுவார். அம்மை போடவில்லை என்று நீ சொன்னால்தான் அவர்கள் மண்ணைப் பார்ப்பார்கள். சொன்னால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உன்னால் முடியாவிட்டால் அன்றைக்கு ஊரில் நம் அம்மா வீட்டுக்குப் போய்விடு. அதற்காக நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பஸ் ஸ்டாண்டில் சொன்னதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கடப்பாரை ஒன்று வேண்டும். சேலத்திலேயே வாங்கி வந்துவிடுகிறேன்.

மருதாசலம்


சமையல் கொட்டகை,
6-11-1985

அண்ணா,

நேற்று செல்லாயி வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, அம்மை போடவில்லை, வேப்பிலை கட்டினது நான், சுவரைப் பற்றி எனக்கு முன்னமே தெரியும், உங்கள் வீட்டுக்காரர்தான் சொன்னார், அவரை இறக்க எனக்குப் புத்தி வரவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமை நீங்கள் வந்து செங்கல்லைப் பெயர்க்கப் போவதையும் சொன்னேன். காலில் விழவில்லை. விழுந்தால் அவள் தூக்கிவிட வேண்டியிருக்கும்.

முழுக்கக் கேட்டாள். கடைசியில், "அப்ப கருவாட்டுக் கொழம்பு?" என்றாள்.

"அதுக்கும் இதுக்கும் ஒண்ணுமில்லை செல்லாயி."

"அவரு தப்பா ஏறலைங்களா?"

"இல்லை."

வெகுநேரம் அழுதாள். பிறகு என்னை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். இப்போதும் காது இரைகிறது. அறைந்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திங்கக்கெழமை அந்த அப்பன்காரங்க அத்தனை பேரு முன்னாடியும் இதைச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். சொல்லுவேன் என்றேன். "சொல்லாமப் போயிட்டீங்கன்னா நான் சொல்லுவேன். நாஞ் சொன்னா எவனும் கேக்க மாட்டான். அதனால நீங்க சொல்லுங்க."

பாவாயிக்கு எழுதினேன், அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி. வருவாளா தெரியாது. அம்மா வீட்டுக்குப் போக மாட்டேன்.

நீங்கள் வாளி மட்டும் கொண்டு வாருங்கள். கடப்பாரை வேண்டாம். கருப்பண்ணனுடையது இருக்கிறது. செல்லாயி எடுத்து வருகிறாள்.

சௌந்திரம்